எஸ் முன்னாலா, பின்னாலா?

என் மனைவி ரௌதாவைத் தலைநகர் துனிசுக்குப் போகவிடக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். ஸ்ஃபாக்ஸ் நகரில் கம்ப்யூட்டர் என்றால் லுத்ஃபி. லுத்ஃபி என்றால் நான்தான்.

அவள் மொழிபெயர்ப்பாளர். துனிசில் ஒரு நிறுவனம் வேலை தருகிறது. முதல் மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும். அதற்கு முன் மாதிரிக்கு ஒரு மொழிபெயர்ப்பை வியாழன் மதியத்துக்குள் அனுப்ப வேண்டும்.

"எஸ்.எஃப்.டி.பி.ல அனுப்பணுமாம். அப்படின்னா என்ன லுத்ஃபி?"

மூன்று மாதம் அவள் சமைக்கும் மீன் குஸ்குஸ் இல்லாத வீடு கண்முன் வந்தது. பயமுறுத்தியே அவளை ஓயவைக்க முடிவு செய்தேன்.

"எஸ்.எஃப்.டி.பி. வேற, எஃப்.டி.பி.எஸ். வேற. ரெண்டுமே கம்ப்யூட்டர்ல ஃபைலைப் பத்திரமா அனுப்பற வழிதான். ஆனா எஸ் முன்னாடி வந்தா ஒண்ணு, பின்னாடி வந்தா இன்னொண்ணு."

"உங்கம்மா எனக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு பேசுவாங்களே, அந்த மாதிரியா?"

"விளையாடாதே! முன்னாடி எஸ் இருந்தாலும் நம்ப முடியாது. அதே பேர்ல பழைய வழி ஒண்ணு இருக்கு. அதுல எஸ்ஸுன்னா சிம்பிள். பூட்டே கிடையாது."

"பூட்டு இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் ஒரே பேரா? யார் வெச்சது?"

"பெரிய படிப்பு படிச்சவங்க."

"ஆம்பளைங்களாத்தான் இருக்கும்."

நான் அசரவில்லை. எதற்கு எந்த போர்ட், எதற்குச் சாவி, எதற்குச் சான்றிதழ் என்று இரண்டு நாள் படம் போட்டுக் கொட்டினேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். பாவம், தலை சுற்றிப்போயிருக்கும்.

புதன் மாலை முடித்தேன். "நம்ம வீட்டு இன்டர்நெட் லைன்ல இது நடக்காது. விட்டுடு."

"சரி லுத்ஃபி."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழன் மாலை சீட்டியடித்தபடி வீட்டுக்கு வந்தேன். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே?"

"துனிசுக்கு. வேலை கிடைச்சிடுச்சு."

"அனுப்பவே முடியாதே!"

"அந்த ஆபீசுக்கே போன் போட்டேன். ஒரு பொண்ணு வழி சொல்லிச்சு. நாலு நிமிஷம்."

"அப்ப என்னை எதுக்கு ரெண்டு நாள் பேசவிட்டே?"

"அவங்க மொழிபெயர்க்கக் குடுத்ததே அந்தப் பாடம்தானே! பத்திரமா ஃபைல் அனுப்பறது எப்படின்னு முப்பது பக்கம். எனக்கு ஒரு வரிகூடப் புரியலை. நீ சொன்னதை வெச்சுதான் முடிச்சேன். மத்தவங்கல்லாம் முன் எஸ்ஸையும் பின் எஸ்ஸையும் குழப்பிட்டாங்களாம்."

பெட்டியிலிருந்த அவள் நோட்டை எடுத்துப் புரட்டினேன்; எல்லாம் நான் சொன்னதுதான்.

"இவ்வளவு தெளிவா யார் சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டாங்க. உன் பேரைச் சொன்னேன். உனக்கும் ஒரு வேலை இருக்குன்னாங்க."

நிமிர்ந்தேன். "நீ என்ன சொன்னே?"

பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அவருக்குப் பேசத்தான் தெரியும், அனுப்பத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."