தாள் புரட்ட ஓர் ஆள்

"தாள் புரட்ட ஆளா? உங்களுக்கா?" மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கேட்டவர் பியானோக்காரர். முப்பத்து நாலு வருஷமாக மேடையில் தனியாக உட்கார்ந்து, எதிரே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல், ஒன்றரை மணி நேரம் மனப்பாடமாக வாசிக்கிறவர். அந்தத் தொழிலில் அதுதான் கௌரவம். இசைக்குறிப்பு எழுதின நொட்டேஷன் புத்தகம் வைத்தால் போச்சு, ஆளுக்கு மறதி வந்துவிட்டது என்று ஊரே பேசும்.

"ஏன் சார், மறந்து போகுதா?"

"லேசா. போன மாசம் புரட்டினாங்களே டிக்கெட் அம்மா, அவங்களே வந்தா போதும்," என்றார் பியானோக்காரர்.

மறதியாவது மண்ணாவது! பச்சைப் பொய்.

நிஜம் இதுதான். போன மாதம் ஒரு வயலின்காரருக்குத் துணையாக வாசித்தார். துணை வாசிப்பு என்றால் புத்தகம் வைப்பது வழக்கம். வாசிக்கிறவர் தலையாட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து தாளைப் புரட்ட வேண்டும். அன்றைக்கு வழக்கமான ஆள் வரவில்லை. அரங்கத்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மா வந்து உட்கார்ந்தார். விளக்கு மங்குகிற நேரத்தில் மெதுவாக, "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், மனுஷன் உருகிப்போய்விட்டார். கைதட்ட ஆயிரம் பேர் உண்டு, சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. விமானம், ஓட்டல் அறை, மறுபடி விமானம். வீட்டுக்கு வந்தால் பேச்சுத் துணைக்கு ஃபிரிட்ஜின் உறுமல். கல்யாணத்தை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டதில் அறுபது வந்துவிட்டது. அந்த அம்மா மறுபடி பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

மேனேஜர் கெட்டிக்காரர். மறுநாளே ஒரு டேப்லெட்டோடு வந்தார்.

"ஆளே வேண்டாம் சார். கீழே இருக்கற இந்தக் கட்டையை இடது காலால தட்டுங்க, பக்கம் தானா திரும்பும்."

"இடது கால் வலிக்குதே."

"வலது கால்?"

"அது... அதுவும் வலிக்குது."

மறதி, அதற்கு மேல் கால்வலி. மேனேஜர் பதறிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றார் டாக்டர்.

புதன். சரியாகச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். "ஞாயிறு... இல்லையா?"

டாக்டர் பேனாவைக் காட்டினார். "இது என்ன?"

அங்கேயாவது மனுஷன் நிறுத்தியிருக்கலாம். நடிப்பு சூடு பிடித்துவிட்டதே! "கரண்டி," என்றார்.

டாக்டர் அந்தக் கரண்டியாலேயே ஒரு பக்கம் எழுதினார். முழு ஓய்வு. மேனேஜர் அந்த வருஷத்துக் கச்சேரிகள் பதினொன்றை ரத்து செய்தார். மிச்சம், டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிட்ட சனிக்கிழமைக் கச்சேரி ஒன்றுதான். அதற்கும் 'கடைசிக் கச்சேரி' என்று போஸ்டர் ஒட்டிவிட்டார்.

"நீங்க கேட்டபடி அந்த அம்மாவையே வரச் சொல்லிட்டேன் சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பியானோக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கச்சேரிகள் திரும்பி வரும், பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். சொல்லாவிட்டால் அந்த நாற்காலி ஒரே ஒரு சாயங்காலத்துக்கு. அப்புறம் பியானோவும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை, ஃபிரிட்ஜ்தான்.

சனிக்கிழமை. அம்மா புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"ரெண்டு வாழைப்பழம்."

"அது எந்த மூலைக்கு? முடிஞ்சதும் ஒழுங்கா சாப்பிடணும், சொல்லிட்டேன்."

வாசித்தார். பக்கம் முடிகிற இடங்களில் மறக்காமல் தலையாட்டினார், அம்மா எழுந்து புரட்டினார். புத்தகத்தின் மேல் பியானோக்காரரின் கண்ணே போகவில்லை. அம்மா திரும்ப உட்காரும்போது நாற்காலி கிரீச்சிடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கிரீச்சிட்டது. இன்னும் இருக்கிறார். ஓர் இடத்தில்கூட விரல் பிசகவில்லை. முதல் வரிசையில் மேனேஜர் விக்கி விக்கி அழுதார்.

முடிந்ததும் மேனேஜர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். முகம் மாறிவிட்டது.

"சார், இது வேற புத்தகம்! நீங்க இன்னிக்கு வாசிச்சது இதுல ஒரு வரிகூட இல்லை. அப்ப எல்லாமே மனப்பாடமா?"

பியானோக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"மறதி?"

"இல்லை."

"கால்வலி?"

"இல்லை."

"கரண்டி?"

"பேனான்னு தெரியும்."

"அப்புறம் எதுக்கு சார் இந்தக் கூத்து?"

"பக்கத்துல யாராவது உக்காரணும்போல இருந்துச்சு," என்றார். பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

மேனேஜர் அதைக் காதில் வாங்கினால்தானே! சந்தோஷத்தில் குதித்தார். "பதினொண்ணையும் திரும்பப் பிடிச்சுடறேன்! இனிமே புரட்ட ஆளே வேண்டாம்!"

பியானோக்காரரின் முகம் சுண்டிப்போனது. மேனேஜர் அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நொட்டேஷன் படிக்கத் தெரியும்னு சொல்லித்தானே வந்தீங்க? ஒன்றரை மணி நேரம் வேற புத்தகத்தைப் புரட்டியிருக்கீங்க, உங்களுக்குக்கூடவா தெரியலை?"

அம்மா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு அதுல ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது சார், இருபது வருஷமா டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால தனியாவே உக்காந்திருக்கேன், பக்கத்துல உக்கார ஆள் வேணும்னாங்க, தெரியும்னு சொல்லிட்டேன்... இன்னிக்கு ரொம்ப நேரம் உக்காரலாமேன்னு, இருக்கறதுலேயே தடியான புத்தகமா பாத்து எடுத்துட்டு வந்தேன்."