ஸ்வீடன் அம்மாவின் பதினாறாம் நாள்

ஸ்வீடன் நாட்டு இங்கிரிட் அம்மாவுக்கு ஒரு பதில் எழுதித் தரும்படி கோதண்டராமன் வந்து உட்கார்ந்தபோது, அப்படி ஒரு அம்மாவே உலகத்தில் கிடையாது என்று சொல்ல சகாதேவனுக்கு வாய் வரவில்லை.

"பதில் போடாம இருந்தா மரியாதையா இருக்குமா தம்பி? அவங்க எவ்ளோ தூரத்துல இருந்து எழுதியிருக்காங்க" என்றார் கோதண்டராமன்.

"எழுதிடலாங்க" என்றான் சகாதேவன், கீபோர்டைப் பார்த்தபடி.

அண்ணாமலை அடிவாரத்துச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு டீக்கடையின் மாடியில் இருந்தது அவனுடைய வெப் டிசைன் கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மழை தூறினால் செத்துப்போகும் டெலிபோன் லைன், கூடவே உட்கார்ந்து டைப் அடிக்கும் மனைவி அன்புச்செல்வி. வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன், அந்த 2002ஆம் வருடம் ஆனி மாதம்தான் துணிந்து இங்கே வந்து கடை திறந்திருந்தான். ஊரில் பாதிப் பேர் அதைக் கேபிள் டிவி ஆபீஸ் என்று நினைத்து, படம் தெரியவில்லை என்று புகார் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெப்சைட் வேண்டும் என்றே கேட்டு அந்த மாடிப்படியை முதன்முதலில் ஏறியவர் கோதண்டராமன். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை பயிரிட்ட குடும்பம். நிலத்தில் கொஞ்சத்தை விற்று, வெளிநாட்டுக்காரர்கள் தங்க இங்கே ஒரு விடுதி கட்டியிருந்தார். அவர் திருப்தியாக இருந்தால்தான் அந்த ரோட்டிலிருக்கும் மற்ற விடுதிக்காரர்கள் வருவார்கள். இல்லாவிட்டால் சகாதேவன் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போளூரில் மாமனாரின் உரக்கடைக் கல்லாவில் போய் உட்கார வேண்டியதுதான். மாமனார் அந்த நாற்காலியை இப்போதே துடைத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

வெப்சைட்டில் மலை இருந்தது, மலைக்கு மேலே அணைந்து அணைந்து எரியும் தீபம் இருந்தது, தங்கிப் போனவர்கள் நாலு வரி எழுத ஒரு பக்கமும் இருந்தது. அந்தப் பக்கத்தில்தான் ஒருவரும் எழுதவில்லை. கோதண்டராமன் தினமும் மாடியேறி வந்து, "யாராச்சும் எழுதினாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு மத்தியானம் சகாதேவனே எழுதிவிட்டான். ஸ்வீடனிலிருந்து இங்கிரிட். உங்கள் விடுதியில் என் மனம் அடங்கியது, நீங்கள் எனக்குச் சகோதரர் போல. மூன்றே வரி, நல்ல இங்கிலீஷில்.

கோதண்டராமனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழில் சொன்னபோது சகாதேவன் நிமிரவே இல்லை. எந்த இங்கிரிட், எப்போது வந்தாள் என்று அவர் கேட்டுவிட்டால் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும்.

"ஆமாமா, மாடி ரூம்ல இருந்தாங்களே" என்றார் கோதண்டராமன். "இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்குவாங்க. தங்கமான மனுசி."

வந்துபோன வெள்ளைக்காரர்களில் யாரையோ நினைத்துக்கொள்கிறார் என்று சகாதேவனுக்கு மூச்சு வந்தது. அவர் அந்த மூன்று வரியைப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்டு, விடுதியின் முன்னறையில் மாட்டினார். அதோடு நின்றிருக்க வேண்டும். பதில் எழுதச் சொன்னார். பதில் எழுதியாயிற்று. அதற்கு அந்த அம்மா என்ன சொன்னாள் என்று மறுநாள் வந்து நின்றார். அவளும் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னாள். கார்த்திகை தீபத்துக்கு வந்து சும்மாவே தங்கச் சொல்லி இவர் அழைத்தார். வர இயலாது என்று அவள் எழுதினாள்.

"ஏன் தம்பி? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சகாதேவன் அந்தக் கேள்வியைக் கொழுகொம்பாகப் பிடித்துக்கொண்டான். "ஆமாங்க. கொஞ்சம் முடியலியாம்."

மறுநாள் கோதண்டராமன் விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். பெரிய கோயிலில் அந்த அம்மா பேருக்கு அர்ச்சனை செய்தாராம். நட்சத்திரம் தெரியாததால் குருக்கள் கொஞ்சம் தயங்கினாராம். பொட்டலத்தை ஸ்வீடனுக்குப் பார்சல் அனுப்பச் சொல்லிவிட்டு, அவளுடைய போட்டோ ஒன்றும் கேட்டு வாங்கித் தரச் சொன்னார். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை நோட்டீசுக்காக வைத்திருந்த இலவசப் படங்களின் சி.டி.யிலிருந்து நரைத்த தலையோடு ஒரு பெண்மணியைத் தேடி எடுத்தான் சகாதேவன். விபூதி மேஜை டிராயரில் கிடந்தது. அன்புச்செல்வி டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அதை நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு, "ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு" என்றாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் கோதண்டராமன் குடையை மடக்கிக்கொண்டே, அந்த அம்மாவின் போன் நம்பரைக் கேட்டார். ஐ.எஸ்.டி. போட்டு அவரே நேரில் நாலு வார்த்தை விசாரிக்கப் போகிறாராம்.

அன்றைக்கு மாலை சகாதேவன் ஒரு முடிவுக்கு வந்தான். மகள் எழுதுவதுபோல் எழுதினான். அம்மா அமைதியாகப் போய்விட்டார், கடைசிவரை அந்த மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த அன்புச்செல்வி, "நீங்களே பெத்து, நீங்களே சாவடிக்கிறீங்க. வெளங்குமா இது?" என்றாள்.

சேதியைச் சொன்னபோது கோதண்டராமன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை ஒற்றினார். வரவழைத்த டீ ஆடை கட்டியது. குடிக்காமலே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அந்த முதுகைப் பார்த்தபோது, உரக்கடை நாற்காலி அப்படியொன்றும் மோசமில்லை என்று சகாதேவனுக்கு முதன்முறையாகத் தோன்றியது.

காலையில் செங்கம் ரோடு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மூக்குக் கண்ணாடிப் பெண்மணி ஒவ்வொரு சுவரிலிருந்தும் சகாதேவனைப் பார்த்துச் சிரித்தாள். 'எங்கள் விடுதியைத் தன் வீடாக நினைத்து வாழ்ந்த அன்னை' என்று மேலே. விடுதியின் பெயரும் போன் நம்பரும் வெப்சைட் முகவரியும் கீழே. சாவிலும்கூடத் தன் வேலையை மதித்து முகவரியைப் போட்டிருக்கிறாரே என்று அவனுக்குக் கூசியது. பதினாறாம் நாள் பௌர்ணமியில் விழுந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு அன்னதானம். விடுதியின் வாட்ச்மேன் கண்ணாயிரம் சைக்கிளில் வந்து, ஓனர் கண்டிப்பாக வரச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்ற தீர்மானத்தோடு சகாதேவன் போனான். பந்தலில் ஆளுயரப் படம், ரோஜா மாலை, குத்துவிளக்கு. கிரிவலம் வந்த கூட்டம் வரிசையில் நின்று தொன்னையில் சாம்பார் சாதம் வாங்கியது. ஒரு பெண் இடுப்பிலிருந்த குழந்தையின் கைகளைச் சேர்த்துப் பிடித்து, "வெள்ளக்கார சாமியம்மாடா, கும்புட்டுக்கோ" என்றாள். வெளிநாட்டு ஜோடி ஒன்று படத்துக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் போட்டோ எடுத்தார். கோதண்டராமன் சகாதேவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கற்பூரம் ஏற்ற வைத்தார். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுப்பா. மொதல்ல சாப்டு."

அதற்குள் அந்த வெளிநாட்டு ஜோடி எழுந்து வந்து விடுதிக்கு வழி கேட்க, அவர் அவர்களோடு நகர்ந்துவிட்டார். சகாதேவன் தொன்னையைப் பிடித்தபடி நின்றான். யாரிடமாவது சொல்லாவிட்டால் அங்கேயே அழுதுவிடுவான் போலிருந்தது. எதிரே கரண்டியோடு நின்றவர் கண்ணாயிரம்தான்.

"அண்ணே, அந்தம்மா சாகல. அப்படி ஒரு அம்மாவே கிடையாது. எல்லாம் நான் எழுதினது. ஒரு நல்ல மனுசனை அழ வச்சிட்டேன்."

கண்ணாயிரம் அவன் தொன்னையில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

"போன வருசம் பாண்டிச்சேரி வெப்சைட் கம்பெனிக்காரரு எழுதின ஜெர்மன்காரரு ஒரே மாசத்துல போயிட்டாரு சார், இந்தம்மா இழுத்துக்கினே கெடக்க, தீபக் கூட்டம் வர்றதுக்குள்ள முடிப்பீங்களா மாட்டீங்களான்னு ஓனரு ரொம்பத் தவிச்சுப்பூட்டாரு."