முன்கூட்டியும் மூக்குக்கண்ணாடியும்

மனிதர்களில் முன்கூட்டி என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு படம் வெளிவர மூன்று மாதம் இருக்கும்போதே அது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் இருக்கும்போது விமர்சகர்கள் அதைப் பற்றி என்ன எழுதப்போகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். விமர்சகர்கள் எழுதி முடித்த பிறகு, அவர்கள் உண்மையில் என்ன எழுத நினைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுவார்கள். படத்தைப் பார்த்த பிறகு என்ன சொல்வார்கள் என்கிறீர்களா? யார் பார்த்தது? அதற்குள் அவர்கள் அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள்.

நம்முடைய முன்கூட்டி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவர். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனத்த சோதனை ஃப்ரேமை ஏற்றி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவதே இவர் புண்ணியத்தில்தான். ஒரு மதியம் சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே "இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்" என்று இவர் சொல்லப்போக, அவருடைய மனைவி தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும்போது வைத்த பெயர்தான் முன்கூட்டி. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இவருடைய உயிர் காந்தக்கையன் படங்களில் இருந்தது. காந்தக்கையன் யாரென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கையை நீட்டினால் உலகத்து இரும்பெல்லாம் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும், அப்பேர்ப்பட்ட வீரர். முதல் பாகத்தில் கப்பலை இழுத்தார். இரண்டாம் பாகத்தில் ரயிலை இழுத்தார். மூன்றாம் பாகத்தில் எதிரிகள் உஷாராகி மரக்கத்தியோடு வந்துவிட்டதால் மனிதர் ரொம்பச் சிரமப்பட்டுப்போனார். விமர்சகர்கள் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். நான்காம் பாகத்துக்கும் இதே கதி வந்தால் ஐந்தாம் பாகம் கிடையவே கிடையாது என்று படக் கம்பெனியும் சொல்லிவிட்டது.

ஆக, நான்காம் பாகத்தைப் பற்றி விமர்சகர்கள் என்ன சொல்லப்போகிறார்கள்? முன்கூட்டிக்குச் சோறு இறங்காத கேள்வி இதுதான். இதன் நடுவே கடை முதலாளி வேறு. படத்தின் டிரெய்லர் வெளியான அன்று ஒரு வாத்தியாருக்குத் தபால்காரருடைய கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டார் நம்மவர். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் பதில் பக்கத்துப் பால் பண்ணைக்குள் நுழைந்து வருகைப்பதிவு எடுத்தார். "இன்னொரு கண்ணாடி மாறுச்சுன்னா நீயும் கடை மாறிக்க வேண்டியதுதான்" என்று முதலாளி சாந்தமாகச் சொல்லியிருந்தார். அவர் சாந்தமாகச் சொன்னால் அதுதான் கடைசி.

இந்த நிலையில்தான் அந்த விமர்சக அம்மையார் கடைக்குள் வந்தார். சாதாரண விமர்சகர் இல்லை. அவர் தும்மினால் மற்ற விமர்சகர்களுக்குச் சளி பிடிக்கும்.

"சினிமா பார்க்கிறதுக்கு மட்டும் போடுற கண்ணாடி. பழசு மேல உக்காந்துட்டேன். நாளைக்கு ஒரு படம் பார்க்கணும், இன்னைக்கே கிடைக்குமா?"

"எந்தப் படம் மேடம்?"

"காந்தமோ என்னமோ."

பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே போட்டுக் காட்டுகிற காட்சி! பார்த்தவர்கள் வெளியீட்டுக்கு முந்தின நாள் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. பார்க்கப்போகிற வாய் இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. முன்கூட்டி சோதனை ஃப்ரேமை ஏற்றினார். லென்ஸை மாற்றினார். வாய் சும்மா இருக்குமா?

"மேடம், மூணாம் பாகம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு? இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"

"முன்னாடி போட்டதுதான் நல்லா இருந்துச்சு."

"அப்போ ரெண்டாம் பாகம்ங்கிறீங்க."

"லென்ஸைச் சொன்னேன்."

அம்மையாருக்கு வலக்கண்ணுக்குப் பவர் மிக அதிகம், இடக்கண்ணுக்குக் கொஞ்சம்தான். இரண்டு லென்ஸையும் தேய்த்து ஃப்ரேமில் பொருத்த உள்ளே போனார் முன்கூட்டி. போனது உடம்பு மட்டும்தான். மனசு அந்த ‘என்னமோ’வில் மாட்டிக்கொண்டிருந்தது. ‘காந்தமோ என்னமோ’ என்றாரே, அந்த ‘என்னமோ’ இளக்காரத்தில் வந்ததா, ஆர்வத்தை மறைக்க வந்ததா? இளக்காரமென்றால் ‘மோ’ இன்னும் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டுமே! இப்படி ‘மோ’வை அளந்துகொண்டே வலதுக்கு உரியதை இடப்பக்கமும் இடதுக்கு உரியதை வலப்பக்கமும் அழகாகப் பொருத்தி, துடைத்து, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

அம்மையார் போட்டுப் பார்த்தார். "கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே?"

"புதுக் கண்ணாடி அப்படித்தான் மேடம். பழகிடும்."

கண்ணாடிக் கடைகள் தோன்றிய நாள் முதலாகச் சொல்லப்பட்டு வருகிற வாக்கியம். இதை எதிர்த்து யாரும் இதுவரை பேசியதில்லை. அம்மையாரும் பேசவில்லை.

மறுநாள் காட்சி முடிந்தது. விமர்சகர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாதாரண மனிதனுக்கு மௌனம் என்றால் மௌனம். முன்கூட்டிக்கு அது பேரிரைச்சல். அவருக்கு உதவியாக மனைவியின் தம்பி, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன், எவர் வீட்டுப் பெட்டிக்குள்ளாவது தலையை விட்டபடி அடிக்கடி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, ஒரு விமர்சகர் ‘இன்று நல்ல மழை’ன்னு போட்டிருக்காரு."

"‘நல்ல’ எதுக்கு மாப்ள? மழைன்னு மட்டும் போட்டிருக்கலாமே? புரியுதா?"

"ஐயோ, ஆமா மாமா! இன்னொருத்தர் வாழைப்பழம் படம் போட்டிருக்காரு."

"உரிச்சதா, உரிக்காததா?"

"பாதி உரிச்சது."

முன்கூட்டி பெருமூச்சு விட்டார். "முதல் பாதி தேறிடும். ரெண்டாவது பாதி இழுவை."

சாயங்காலம் முன்கூட்டி இருக்கிற காந்தக்கையன் ரசிகர் குழுவுக்கு ஒரு புகைப்படம் வந்தது. திரையரங்கிலிருந்து நம் அம்மையார் வெளியே வருகிறார்; இரண்டு கையும் தலையில் இருக்கின்றன. குழுவே ஆடிப்போனது. தலையில் கை வைத்துவிட்டாரே, முடிந்தது கதை என்று ஆளாளுக்கு அழ ஆரம்பித்தார்கள். முன்கூட்டி மட்டும் கலங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்பெழுதினார்: "ஒரு கை வச்சா கவலை. ரெண்டு கையையும் தலைக்கு மேல கொண்டுபோனா அது கும்பிடு." குழு அவரைக் கொண்டாடியது.

"அவங்களுக்குத் தலைவலியா இருக்கும்ங்க" என்றார் எட்டிப் பார்த்த மனைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் முன்கூட்டி.

கட்டுப்பாடு நீங்கிய காலையில் அம்மையாரின் விமர்சனம் வந்தது. ‘தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு காட்சியிலாவது ஒரு விளிம்பு நேராக இருக்க வேண்டுமே! எல்லாம் ஒரே கலங்கல். நாயகன் ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.’

அவர் தும்மியாயிற்று. மதியத்துக்குள் மற்றவர்களுக்கும் சளி பிடித்தது. ஒருவர் ‘எனக்கும் லேசாக வலித்தது’ என்று எழுதினார். இன்னொருவர் ‘இரண்டு நாயகர்கள் என்பதை நான் அப்போதே கவனித்துவிட்டேன்’ என்று எழுதினார். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? காந்தக்கையனுக்கு ஓர் இரட்டைத் தம்பி இருக்கிறான், ஒருவன் வடதுருவம், மற்றவன் தென்துருவம், இருவரையும் பக்கத்தில் நிற்கவிட்டால் ஒட்டிக்கொள்வார்கள், அதனால்தான் கம்பெனி இத்தனை நாள் மறைத்தது என்று படம் வரைந்து விளக்கினார்கள். படக் கம்பெனியோ ஐந்தாம் பாகத்தை யோசித்துச் செய்வதாக அறிக்கை விட்டது. அதைப் படித்துவிட்டு முன்கூட்டி சோதனை நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார். எதிர்ச் சுவரின் பெரிய எழுத்துகூட அவருக்குத் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது, பாவம்.

அப்போதுதான் அம்மையார் மறுபடி வந்தார்.

"மூக்குல கொஞ்சம் அழுத்துது. சரி பண்ணிக் குடுங்க."

முன்கூட்டி கண்ணாடியை வாங்கி உள்ளே கொண்டுபோய், துடைத்து, பழக்க தோஷத்தில் எழுத்துப் பலகைக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இடப்பக்க லென்ஸ் வழியே எழுத்தெல்லாம் எறும்பாகச் சுருங்கின. சுருங்க வேண்டியது வலப்பக்கம். கலங்கலாக இருந்தது படம் இல்லை! காந்தக்கையனை இரண்டாகப் பிளந்தது எதிரி இல்லை, இரட்டைத் தம்பி இல்லை, இந்தக் கைதான்!

இப்போது நீங்கள் இவருடைய நிலையைக் கொஞ்சம் யோசியுங்கள். சத்தம் போடாமல் லென்ஸை மாற்றிக் கொடுத்துவிடலாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, வேலையும் பிழைக்கும். ஆனால் விமர்சனம் அப்படியே நிற்கும், ஐந்தாம் பாகம் போய்விடும். உண்மையைச் சொன்னால் படம் பிழைக்கும். வெளியே அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிற முதலாளி காதில் விழும். குடும்பமா, காந்தக்கையனா? வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நேரமாவது திணறியிருப்பார்கள்.

முன்கூட்டி லென்ஸை மாற்றிக்கொண்டு நேரே வெளியே வந்தார்.

"மேடம், உங்களுக்குத் தலை வலிச்சது படத்தால இல்ல. என்னால. லென்ஸை இடம் வலம் மாத்திப் போட்டுட்டேன்."

முதலாளியின் துணி அலமாரியில் அப்படியே நின்றது. "ஏம்ப்பா, வாயை மூடிக்கிட்டு மாத்திக் குடுத்திருக்கலாமே? ஏன் சொன்ன?"

"அஞ்சாம் பாகம், முதலாளி."

"எதுல அஞ்சாம் பாகம்?"

விளக்கம் கேட்டு முதலாளியின் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை. அம்மையார் பெரிய மனுஷி. "நீங்க சொன்னதே பெரிய விஷயம். நாளைக்கு நானே டிக்கெட் எடுத்துத் திரும்பப் பார்க்கிறேன். பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று கிளம்பினார். "அவங்க வந்து சொல்ற வரைக்கும் இரு. அப்புறம் கணக்கை முடிச்சுக்கலாம்" என்றார் முதலாளி, மிகச் சாந்தமாக.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி முதல்முறையாக இவரைப் பெருமையோடு பார்த்தார். மறுநாள் படம் வெளியானதும் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

"நல்லாத்தாங்க இருந்துச்சு. ஒரு இடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு. நீங்களும் ஒரு தடவை..."

"அவசரப்படாத. விமர்சனம் வரட்டும்" என்றார் முன்கூட்டி.

அடுத்த நாள் அம்மையார் வந்தார். முன்கூட்டி ஒரு கையில் துடைக்கும் துணியும் மறு கையில் உயிருமாக நின்றார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார்.

"பார்த்தேன். இப்போ எல்லாமே தெளிவாத் தெரிஞ்சுது. அவர் பறக்கிறப்போ கட்டியிருக்கிற கயிறு தெரிஞ்சுது. ஒட்டுன மீசை ஒரு பக்கம் கிளம்புறது தெரிஞ்சுது. பின்னாடி மலையை வரைஞ்சவர் கையெழுத்துப் போட்டிருக்காரு, அது கூடத் தெரிஞ்சுது."

"அப்போ... படம்?"

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "மங்கலாப் பார்த்தப்பவே பரவால்ல."

பிறகு அதை முன்கூட்டி கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பழையபடியே மாத்திப் போட்டுக் குடுங்க. அடுத்த வாரமும் இதே மாதிரி ஒரு படம் இருக்கு. இவர்தான் போடணும், வேற யாரும் வேண்டாம்." முதலாளி திறந்த வாய் மூடாமல் திரும்ப உட்கார்ந்தார். தவறைக் கேட்டு வாங்கிப்போக ஒரு வாடிக்கையாளர் வருவது அவருடைய அனுபவத்திலேயே இல்லை. கணக்கு முடிக்கிற பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

முன்கூட்டி அதற்குள் உள்ளறையில் தொலைபேசியோடு நின்றார்.

"மாப்ள! சொல்லிட்டாங்க!"

"என்ன மாமா சொன்னாங்க?"

"பரவால்லன்னு சொல்லிட்டாங்க!"

"முழுசா அதான் சொன்னாங்களா?"

"கடைசி வார்த்தை அதான். முன்னாடி என்ன வந்தா என்ன?"

அன்றைக்கே ரசிகர் குழு இரண்டாகப் பிரிந்தது. ‘பரவால்ல’ என்றால் பிரமாதம் என்று ஒரு கட்சி. ‘வா’வை இழுத்துச் சொன்னாரா, இழுக்காமல் சொன்னாரா என்று தெரியாமல் கொண்டாடக் கூடாது என்று மறு கட்சி. சண்டை இன்னும் தீரவில்லை. முன்கூட்டி அதில் கலந்துகொள்ளவில்லை, அவருக்கு நேரமில்லை. ஐந்தாம் பாகத்தில் இரண்டாவது பாதி கொஞ்சம் இழுவை என்று அவருக்கு ஏற்கெனவே தகவல் வந்துவிட்டது. நான்காம் பாகத்தை அவர் இன்றுவரை பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே ‘இது இப்படித்தான் இருக்கும்’ என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? பாதி படிக்கும்போதே இதை யாருக்கு அனுப்பலாம், அனுப்பும்போது என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் ஒரு வரி தயார் செய்யவில்லையா? பரவால்ல, ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி, நன்றாகத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு உங்களையே ஒரு தரம் பாருங்கள்.

கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறதா? பழகிடும்.