பழைய பெட்டியை நிறுத்திய வெள்ளிக்கிழமை

ஒரு வீட்டுக்கு ஒரு எஜமான், ஒரு கம்பெனிக்கு ஒரு சர்வர். முதலாவது என் கையில் இல்லை. இரண்டாவதையாவது விடமாட்டேன் என்று திங்கட்கிழமை முடிவெடுத்தேன்.

நான் மனாசே. டோங்கா தீவுகளில், நெய்யாஃபு துறைமுகத்தில் மீன் பேரம் பேசியே வளர்ந்தவன். படிப்பு கிடையாது, வாய் உண்டு. தீவுக்கு இண்டர்நெட் கொடுக்கும் இந்தச் சின்னக் கம்பெனியை அந்த வாயால்தான் கட்டினேன். யாராவது ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அது எந்த எண்ணில் குடியிருக்கிறது என்று சொல்லும் சர்வர் பெட்டி ஒன்று என் அலமாரியில் வருஷக்கணக்காக உறுமிக்கொண்டிருந்தது. இப்போது புதுப் பெட்டி வந்துவிட்டது. பழையது எதற்கு?

“ரெண்டும் கொஞ்ச நாள் சேந்து ஓடட்டுங்க,” என்றாள் என் மனைவி லோசேலி. புகார் போனை எடுப்பவளும், வீடுவீடாகப் போய் இணைப்பைச் சரிசெய்பவளும் அவள்தான். “பாதி ஊருக்குப் பழைய பெட்டியோட நம்பர்தான் தெரியும். ஒவ்வொரு வீடா மாத்திட்டு வர்றேன். ஆஸ்பத்திரியே இன்னும் மாறலை.”

“ஒரு படகுக்கு ரெண்டு சுக்கானா?”

“புதுசு பிடிக்குதான்னு பாக்காம பழைய சுக்கானைக் கடல்ல எறிவாங்களா?”

“எனக்கே பாடமா?”

“ஃபீஸ் கேக்கலையே.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து என் அக்கா கலோலைனி வந்தாள். எங்கள் டோங்காவில் அக்கா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. என் பன்றியை ஓட்டிப் போகிறேன் என்று அவள் சொன்னால் நானே கயிறு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் முன்னால் சத்தியம் செய்தேன்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பழைய பெட்டி நிக்கும். நிக்கலைன்னா, அது நிக்கிற வரைக்கும் நான் கவா குடிக்கிற வட்டத்துல உக்கார மாட்டேன்.”

வெள்ளி ராத்திரி அந்த வேர்ச்சாற்றைச் சுற்றி நண்பர்களோடு உட்கார்ந்து பாடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. லோசேலி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளி மதியம் வயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. போன் அடிக்கவில்லை. சாயங்காலமும் அடிக்கவில்லை.

“ஊரு அழுதுச்சா?”

“இல்லீங்க.”

“ஆஸ்பத்திரி?”

“சௌக்கியமா இருக்கு.”

எங்கள் ஊர் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு கவாவுக்குக் கிளம்பினேன்.

“புதுப் பெட்டிகிட்ட எத்தனை வீடு வழி கேட்டுச்சுன்னு பாத்துட்டுப் போங்க,” என்றாள்.

பார்த்தேன். பாதி ஊர்தான் கேட்டிருந்தது. மீதிப் பாதிக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

பிடுங்கிய பெட்டியைத் தடவினேன். நான் கோபத்தில் உதைத்ததில் விழுந்த நெளிவைக் காணோம். பழையதை வாங்கிய அன்று, ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று நானே பேரம் பேசி வாங்கி மூலையில் போட்ட அதன் இரட்டை இது. தூசியைக்கூட இடம் மாற்றி வைத்திருந்தாள், மகராசி.

அலமாரிக்குப் பின்னால் புதிதாய் ஒரு நீல வயர். துரத்தினேன். ஜன்னல் வழியே போனது, ஈரப்பலா மரத்தில் ஏறி இறங்கியது, அக்கா வீட்டுக்குள் நுழைந்து, அக்காவின் படுக்கையறைக்குள் மறைந்தது. கட்டிலுக்கடியில் அதே உறுமல்.

வாசலில் நின்றுவிட்டேன். அக்காவின் படுக்கையறைக்குள் தம்பி கால் வைப்பதில்லை. உள்ளே தீப்பிடித்தாலும் வெளியிலிருந்துதான் வாளியை வீச வேண்டும்.

“உள்ள போய் நிறுத்துங்களேன்,” என்றாள் பின்னாலேயே வந்த லோசேலி.

வயரை வெட்டக் கத்தி எடுத்தேன்.

“அது என் வீட்டு வயருடா தம்பி,” என்றாள் அக்கா.

கத்தி தானாகக் கீழே இறங்கியது.

“எல்லா வீடும் மாறினதும் நானே நிறுத்திடறேன்,” என்றாள் லோசேலி.

“மாத்து. எத்தனை வெள்ளிக்கிழமை ஆனாலும் தாங்குவேன். மனாசே பணிஞ்சான்னு ஒரு பய சொல்லக் கூடாது.”

தாங்கினேன். நண்பர்களின் பாட்டுச் சத்தம் வரும் திசையில் ஜன்னலை மூடிக்கொண்டு தாங்கினேன். ஆஸ்பத்திரி மாறியது, பள்ளிக்கூடம் மாறியது, கடைத்தெரு மாறியது. போன வாரம் ஒரே ஒரு வீடுதான் பாக்கி என்றாள். பாயை எடுத்து உதறினேன்.

“யார் அந்தக் கடைசி வீடு? நானே போய் ரெண்டு போட்டு மாத்திட்டு வர்றேன்.”

“உங்க அக்கா வீடுதாங்க. அவங்களுக்குப் பழசே பிடிச்சிருக்காம்.”