அழுதது நடிகன், செத்தது நான்

என் தங்கை பெற்ற அன்பு மருமகன் எர்மெக்குக்கு, மாமா மாம்பெத் எழுதுவது. இங்கு ஆடுகள் நலம், குதிரை நலம், நானும் உயிரோடு நலம். உயிரோடு என்பதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உன் படம்.

காதலியை மூளையிலிருந்து துடைத்தெடுக்கும் எந்திரத்தைப் பற்றிய விஞ்ஞானப் படம் என்று வீட்டைக் கேட்டாய், கொடுத்தேன். என் பால் கடையும் எந்திரத்தில் நாலு ஒயரைச் சொருகி இதுதான் அது என்றாய், அதற்கும் சும்மா இருந்தேன். ஆனால் எதற்கு அழுகிறோம் என்றே தெரியாமல் அழும் உன் கதாநாயகனை, கையில் கம்பைக் கொடுத்து என் வாசலில் நின்று ஓலமிட வைத்தாயே, பிஷ்கெக் நகரத்துக்குப் போனதும், கம்பை ஊன்றி ஒருவன் வாசலில் அழுதால் அந்த வீட்டில் சாவு என்ற நம் வழக்கமெல்லாம் மறந்துவிட்டதா? நீ ஒலிப்பதிவுக்காரனை மட்டும் விட்டுவிட்டு அடுத்த காட்சிக்கு ஆற்றங்கரைக்குக் கிளம்பினாய். பக்கத்து வீட்டு ஜோல்தோஷ் குதிரையில் கதறிக்கொண்டு வந்தான், பின்னாலேயே ஊர் வந்தது, வந்தவர்கள் என் இழவு விருந்துக்கு என் ஆட்டையே பிடித்து அறுத்தார்கள். நான் கொட்டகையிலிருந்து வந்து நின்றால், "அறுத்தாச்சு அண்ணே, இனி என்ன பண்றது? உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க" என்கிறான் ஜோல்தோஷ்.

உட்கார்ந்தேன். இதற்குள் யாரோ நாரின் நகரத்துக்குப் போன் பண்ணிவிட்டார்கள். என் முகத்திலேயே விழிப்பதில்லை என்று வசந்தத்தில் அங்கே மகள் வீட்டுக்குப் போன உன் அத்தை சைராகுல் வந்து இறங்கி, முறைப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். ஒப்பாரியை நடுவில் நிறுத்துவது மரியாதை இல்லை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால், கையில் எலும்போடு. மேய்ச்சல் நிலத்தில் முதலில் பார்த்தது, பிரசவ வலியில் அவளைப் பனியில் சுமந்துபோனது, எல்லாம் பாட்டாக வந்தது. இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவளில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"உயிரோடயா இருக்கீங்க?"

"ஆமா."

"நான் பாடினது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்கும் இருக்கக் கூடாது."

எதுவும் காதில் விழவில்லை என்றேன். டீ போடப் போனாள். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். நேற்று, உன் ஒலிப்பதிவுக்காரனின் மைக் அப்போது ஓடிக்கொண்டிருந்த விஷயம் தெரிந்ததிலிருந்து பெட்டியைக் கட்டுகிறாள். ஆகவே அந்த ஒப்பாரியை அடியோடு அழித்துவிட்டு, அழித்ததாக அவளுக்கு உடனே எழுது.

உன் சாப்பாட்டு விரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும், உன் படத்துக்குக் கூட்டம் சேரட்டும்.

இப்படிக்கு,
மாமா மாம்பெத்

பி.கு: அழிக்காதே. அழித்ததாக மட்டும் எழுது. ஒரு பிரதியை என் போனுக்கு அனுப்பு, ஆடு மேய்க்கும் மேட்டில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். நிஜமாகவே செத்த அன்று எனக்குக் கேட்காது.