கம்ப்யூட்டருக்கு நான் தைத்த வெல்வெட் உறை

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதில் ஆறு எனக்கு ஒத்துவரவில்லை. கோபம் வந்தால் கூடவே அழுகையும் வந்துவிடும். சோம்பலாக இருக்க எங்கள் அம்மா விட்டதில்லை. மிச்சமிருந்த காய்மகாரம் மட்டும் (பொறாமைக்கு எங்கள் கோயிலில் அதுதான் பெயர்) அளவெடுத்துத் தைத்தது போல எனக்குப் பொருந்திவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் அரூரில், ஒரு மஞ்சள் மண்டியின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் டீச்சர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். ஐந்து வருட சர்வீஸ். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் வசந்தா சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைவிட மூன்று வயது சின்னவள். அந்த நேரத்தில்தான் எங்கள் முதலாளி ராமசாமி சார் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதைக் கற்றுக்கொண்டு வர வசந்தாவைச் சேலத்துக்கு அனுப்பினார்.

“பிலோமினா, நீ போயிட்டீன்னா இங்க மிசினுங்கள யாரும்மா பாத்துக்கறது?” என்றார் என்னிடம். நானும் பூரித்துப்போய்த் தலையாட்டினேன். சார் என்னை நைஸாகக் கழற்றிவிட்டது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அன்று சோறு இறங்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து வசந்தா திரும்பி வந்தாள். கம்ப்யூட்டர் ரூமின் சாவி அவள் இடுப்புக்குப் போனது. அந்த ரூமுக்குத் திரைச்சீலை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், உரக்கப் பேசக் கூடாது. (எங்கள் கோயிலில்கூட அவ்வளவு பக்தி கிடையாது.) நான் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒரு பக்கம் அடித்தாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அவள் ஒரு விரலால் ஒரு பட்டனைத் தட்டுவாள், பச்சை எழுத்து வரும், வந்தவர்களெல்லாம் வாயைப் பிளப்பார்கள். எனக்கு வயிறு எரியும். அந்தச் சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

ஒருநாள் வசந்தா சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “இதுக்குத் தூசி ஆவாதுங்க சார். கீழ மண்டியில மஞ்சா கொட்டறப்பல்லாம் மேல வந்து படியுது.”

நான் உடனே உள்ளே புகுந்தேன். “நான் ஒரு உறை தெச்சுத் தரேங்க சார்!”

கோயில் பீடத்தில் விரிக்கும் பீடத்துணி தைக்கக் கன்னியாஸ்திரீகளிடம் கற்றவள் நான். கையில் இருந்த வித்தையை எல்லாம் மானிட்டருக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டிமேல் இறக்கினேன். வெளியே கருநீல வெல்வெட், உள்ளே ரெக்சின், ஓரத்தில் ஜரிகை. பிளாப்பி போட முன்னால் ஒரு ஜன்னல், சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. உறையைக் கழற்றாமலே வேலை செய்யலாம் என்பது என் கண்டுபிடிப்பு. மாட்டிவிட்டு மானிட்டரை மேலே தூக்கி வைத்தேன். வசந்தா தன் இஷ்டத்துக்குக் கழற்றிவிடக் கூடாது என்று பின்பக்கம் நான்கு நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, எனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சு போட்டேன். சார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “மாப்பிள்ள மாதிரி இருக்குதும்மா!” என்றார். அன்று எனக்கு நல்ல பசி.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. போட்டால் அரைமணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு திரையில் எழுத்து அப்படியே நின்றுவிடும். எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையாது. அணைத்துவிட்டுக் காத்திருந்து போட்டால் மறுபடி கொஞ்ச நேரம், மறுபடி அதே கதை. வசந்தா சேலத்து நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கரண்டு சரியில்லை என்று ஸ்டெபிலைசர் வந்தது. கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் வந்தது. நான் திரைச்சீலைக்கு வெளியே நின்று உச்சுக்கொட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கிறிஸ்துமஸ்.

“எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணுங்க சார்” என்று சாரிடம் ஒரு வார்த்தை போட்டும் வைத்தேன். (சொன்ன வாய்க்கு அப்புறம் எத்தனை அருள் நிறைந்த மந்திரம் சொல்லியும் தீரவில்லை.)

சார் பொறுமை இழந்தார். “திங்கக்கெழம பசங்க கிளாசுக்கு வராங்க. அதுக்குள்ள சரியாவலன்னா மிசின திருப்பி அனுப்பிருவேன். நீயும் வேற எடம் பாத்துக்கம்மா” என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டார். அவள் முகம் செத்துப்போனது. அவள் அப்பா படுத்த படுக்கை, அந்த வீடே அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண் அந்தச் சாவிமேல்தான் இருந்தது.

தூசிதான் உள்ளே போகிறது என்று முடிவு கட்டி, உறைக்கு இன்னொரு சுற்று லைனிங் கொடுத்தேன். உதவி செய்கிறேனாம். அதன்பிறகு பத்தே நிமிடத்தில் நின்றது.

அப்போதுதான் சார் பெட்டிமேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். “என்னாம்மா இது, இப்பிடிக் கொதிக்குது!”

நோய் தெரிந்துவிட்டது, சூடு. வைத்தியம் தொடங்கியது. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். முன்னால் ஒரு டேபிள் ஃபேன், பக்கத்தில் ஒன்று. அதுவும் போதாதென்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பனைவிசிறியால் வீசினேன். கம்பளி போர்த்திப் படுத்திருப்பவனுக்கு மூன்று பேர் விசிறினால் எப்படியோ அப்படி. உறையைக் கழற்றிப் பார்க்கலாமே என்று மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை சேலத்திலிருந்து மெக்கானிக் வந்தார். வசந்தாதான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“இதென்னங்க, ஸ்வெட்டர் போட்டு வெச்சிருக்கீங்க?”

முடிச்சை அவிழ்க்க அவரால் முடியவில்லை. நான்தான் போய் அவிழ்க்க வேண்டியிருந்தது. உறையைக் கையில் வாங்கித் திருப்பினார். பின்பக்கம் நட்டநடுவில், நான் பெருமையாகச் சிவப்பு நூலில் போட்டிருந்த எம்பிராய்டரியை உரக்கப் படித்தார்.

“உபயம், பிலோமினா, ஹையர்.”

கோயிலுக்குப் பீடத்துணி கொடுத்தால் ஓரத்தில் பெயர் போடுவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் போட்டுவிட்டேன். அந்தப் பெயர் சரியாக எதை மூடிக்கொண்டிருந்தது என்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

“இதாங்க இது மூச்சு வுடற ஓட்ட. உள்ள ஃபேன் சுத்துது, சூடு வெளிய போவ வழியில்ல. புராசசர்னு ஒரு சில்லு இருக்குதுங்க, அதான் இதுக்கு மூள. அது சூடேறுனா வேல செய்யாது, அப்படியே நின்னுரும்.”

பெட்டியைத் திறந்தார். ஃபேன் இறக்கையில் சுற்றியிருந்த பஞ்சைப் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி எடுத்தார். பஞ்சும் கருநீலம். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன். மதியம் போட்ட கம்ப்யூட்டர் பொழுது சாயும்வரை நிற்கவே இல்லை. சார் என் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் வசந்தா முந்திக்கொண்டாள்.

“தூசி ஆவாதுன்னு நாந்தாங்க சார் அக்கா காதுல போட்டேன். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க.”

அன்று சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தேன். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“நேத்து நீங்க சிலுவப்பாத செபத்துக்குப் போனீங்களே, அப்ப உறையக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தூக்கி வெச்சுப் பாத்தங்க்கா. மூணு மணி நேரம் நல்லா ஓடுச்சு.”

“அப்பறம் ஏன்டி சொல்லல?”

“எவ்ளோ ஆசையா தெச்சீங்க. நான் சொன்னா உங்க மனசு நோவும். வெளியாளு சொன்னா ஒண்ணும் தோணாதேன்னுதான் போன் போட்டேன்.”

வேலை போகும் நிலையிலும் என் மனசைப் பார்த்திருக்கிறாள். அழுதுவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் முழுக் கதையையும் சொன்னேன். ஆனால் அவரிடம் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அந்த அழுகையில் பாதி, நல்லவளாக இருப்பதிலும் இவளே ஜெயித்துவிட்டாளே என்ற எரிச்சல்.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். வசந்தாதான் எனக்கும் கற்றுக்கொடுத்தாள். இன்றைக்கு அவள் எங்கள் வீட்டில் ஒருத்தி, என் மகளுக்கு வசந்தா சித்தி. ஆனால் இந்தக் கதையை என் மகளுக்குச் சொன்னவளும் அவள்தான். அதிலிருந்து நான் வீட்டில் எதையாவது துணி போட்டு மூடினால் போதும், தோசைமாவுப் பாத்திரமாக இருந்தாலும், “அம்மா, அது மூச்சு வுடட்டும்” என்பாள்.

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, லேப்டாப் சுடுகிறது, நின்று நின்று போகிறது என்றாள். இத்தனை வருடத்தில் எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. குரலைச் சரிசெய்துகொண்டு, “கண்ணு, அதை மெத்தைமேல வெச்சு வேல செய்யறியா? மொதல்ல அதை எடுத்து மேசைமேல வெய்யி” என்றேன்.

“வெச்சுட்டேம்மா, இப்ப நல்லா ஓடுது” என்றாள் மகள். “காலையிலயே வசந்தா சித்தி சொன்னாங்க.”