ஓசோன் மாமா மாட்டிய ஏர்கோன்

உலகத்தில் எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்திருப்பீர்கள். கடைக்கு வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "தயவு செஞ்சு வாங்காதீங்க" என்று கெஞ்சிய வியாபாரி ஒருவர்தான் உண்டு. அவர் மலேசியாவின் மாசாயில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில், எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரர். ஏர்கோன் என்கிற குளிர்சாதனம் மாட்டுவது அவர் தொழில். ஏர்கோனால் பூமி சூடாகிறது என்பது அவர் பேச்சு. இரண்டையும் ஒரே ஏணியில் நின்றுகொண்டு செய்வார்.

அவருடைய சொந்தப் பெயர் அவரது அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ஓசோன் மாமா. நான் பிறப்பதற்கு முன்பே விழுந்த பெயர் அது. குளிர்பெட்டிக்குள் இருக்கும் வாயு வானத்தில் ஓட்டை போடுகிறது என்று விஞ்ஞானிகள் எச்சரித்த காலத்தில் மாமா இளைஞர். அந்தச் செய்தியை வீடு வீடாகக் கொண்டு சேர்த்திருக்கிறார். பிறகு உலக நாடுகள் கூடிப் பேசி அந்த வாயுவை மாற்றிவிட்டன. அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று மாமா இன்றுவரை நம்புகிறார்.

"ஒரு தடவ சொன்னாங்க, ஒலகமே கேட்டுச்சு. இன்னொரு தடவ சொன்னா கேக்க மாட்டாங்களா லா?" என்பார்.

கேட்கவில்லை. பூமி சூடாகிறது என்று அவர் அடுத்து ஆரம்பித்தபோது தாமானே சிரித்தது. பனிக்கட்டி உருகினால் அது வெள்ளைக்காரன் கவலை, நமக்கு எப்போதும் வெயில்தானே என்றார்கள். கடல் ஏறி சிங்கப்பூர் மூழ்கும் என்று மாமா ஒருநாள் சொன்னார். தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரும் மணியம் அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"மூழ்குறதுக்கு முந்தி சம்பளம் போட்டுருவாங்களா மாமா?"

உண்மையில் வெயில் ஏறத்தான் செய்தது. இங்கேதான் மாமாவின் தலையெழுத்தைப் பார்க்க வேண்டும். ஊர் சூடானபோது "மாமா சொன்னது சரிதான்" என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் அவருக்குப் போன் போட்டு ஏர்கோன் மாட்டச் சொன்னார்கள். அவர் எச்சரிக்கை பலிக்கப் பலிக்க அவர் வியாபாரம் பெருகியது. பழைய வேன் போய்ப் புது வேன் வந்தது. பக்கவாட்டில் தன் போன் நம்பரை எழுதும்போதே அவர் முகம் துக்க வீட்டுக்குப் போகிறவர் முகம் மாதிரி இருந்தது.

அவர் வீட்டில் மட்டும் ஏர்கோன் கிடையாது. மாசாயிலேயே சூடான வீடு அதுதான். மதியத்தில் பூனைகூட உள்ளே போகாது. அவர் மனைவி பாக்கியம் அத்தை வேனில் ஏறி, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, உள்ளேயே உட்கார்ந்து கீரை ஆய்வார். மாமா கண்ணாடியைத் தட்டுவார். அத்தை மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி எஸ்.பி.எம் பரீட்சை எழுத உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு அலுத்ததே இல்லை. கூலாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்ட அம்மா, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். என் அறை வீட்டின் பின்பக்கம் தகரம் போட்டு இழுத்துக் கட்டியது. மாலையில் அங்கே உட்கார்ந்தால் வியர்வை சொட்டி நோட்டில் எழுதியது அழியும். அந்த வருடம் காட்டுத்தீப் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ள, ஜன்னலையும் திறக்க முடியவில்லை. எனக்குப் பாடம் மண்டையில் ஏறாதது அந்தச் சூட்டினால்தான் என்று அம்மா முடிவு கட்டினார். ஓவர்டைம் பார்த்து ஓர் ஏர்கோன் வாங்கி, மாமாவிடம் மாட்டச் சொன்னார்.

மாமா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மாட்டிரலாம் தங்கச்சி. சுவத்த மட்டும் கொஞ்சம் பாக்கணும்" என்றார்.

வாரா வாரம் சுவரைப் பார்த்தார். ஒரு வாரம் ஏணியை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் பத்து பாகாட் ஊரில் அவசர வேலை. பெட்டி எங்கள் கூடத்திலேயே கிடந்தது. அம்மா அதன்மேல் துணி தேய்க்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஏணியோடு வந்தார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மாமா ஏறிய இடம் கூரை. கையில் இருந்தது வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட். தகரம் முழுக்க அடித்துவிட்டு இறங்கினார். மறுநாள் காலை பின்வீட்டு மாடிச் சீன ஆன்ட்டி கண் கூசி, "அலமாக்" என்று ஜன்னலைச் சாத்திக் கறுப்புத் துணி மாட்டினார். மணியம் அண்ணன் தலைக்கவசத்தோடு வந்து பார்த்தார்.

"செனாயில எறங்க வேண்டிய பிளேனு இங்க எறங்கிரப் போவுது மாமா."

அதற்கடுத்து, மேற்குச் சுவரில் பாஷன்ஃபுரூட் கொடி. கொடி ஏறியதைவிட வேகமாகச் செவ்வெறும்பு ஏறியது. இயற்பியல் படிக்கும்போது என் முழங்காலில் ஒன்று, வேதியியலுக்கு இன்னொன்று. மாமா அறை நடுவில் நின்று, உள்ளங்கையைக் காற்றில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "எப்படி இருக்கு?"

"அடுப்புலேர்ந்து எறக்கி வெச்ச சட்டி மாதிரி இருக்குண்ணே" என்றார் அம்மா.

சத்தியமாகச் சூடு கொஞ்சம் குறைந்திருந்தது. அது போதவில்லை. முன்னோட்டப் பரீட்சையில் நான் இரண்டு பாடத்தில் பெயில். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல், அம்மா கடைசி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். ஒலகம் பூரா ஏர்கோன் மாட்டியாச்சு. கடைசியா எம் புள்ள ரூம்புலதானா நிப்பாட்டணும்? அவ பெயிலானா ஒங்க பூமி வந்து பரீட்ச எழுதுமா?"

பாக்கியம் அத்தை வேன் கண்ணாடியை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "டிரில் மிஷின எங்க பாக்கியம் வெச்சே?" என்றார்.

அன்று மாலையே மாட்டினார். கதவு இடுக்குக்கு ரப்பர் ஒட்டினார். கூரைக்கு அடியில் பலகை அடித்தார். ஒரு பொட்டு குளிர்கூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார். கடைசியில் ரிமோட்டை என் கையில் வைத்தார்.

"பாப்பா, இருபத்தஞ்சுக்குக் கீழ எறக்காத. எறக்கினா எனக்குத் தெரிஞ்சிரும்."

எப்படித் தெரியும் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பரீட்சை முடியும்வரை இறக்கவில்லை.

முடிவு வந்த அன்று, தாமான் முழுக்கச் சொன்னது அம்மா அல்ல, மாமாதான். "எப்படி பாஸ் பண்ணா தெரியுமா? அந்தக் கொடி, அந்த வெள்ளப் பெயின்ட்டு. அதனாலதான்." ஏர்கோன் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அம்மா மறுக்கப் போனார். நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இன்று நான் ஜோகூர் பாருவில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் இருக்கிறேன். மழை கூடினால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று கணக்கிடுவது என் வேலை. போன மாதம் பூமி சூடாவதைப் பற்றி ஒரு கூட்டம். அறை அப்படிக் குளிர்ந்தது, எல்லாரும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தோம். ஏர்கோனைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றேன். "நம்ம ஒரு ரூம்புல என்ன ஆயிரப் போவுது?" என்றார் ஒருவர். அதெல்லாம் பெரிய நாடுகள் செய்ய வேண்டியது என்றார் இன்னொருவர். எங்கள் தாமான் சிரித்துக்கொண்டே சொன்னதை இவர்கள் டை கட்டிக்கொண்டு சொன்னார்கள். மாமாவின் ஞாபகம் வந்துவிட்டது. தீபாவளிக்குப் போனபோது நேராகக் கடைசி வீட்டுக்குப் போனேன்.

மாமாவுக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. வேனை விற்றுவிட்டார். அத்தைக்கு இருதயத்தில் கோளாறு, வெக்கை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். உள்ளே போனேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வெளியே சுவர் முழுக்கப் பாஷன்ஃபுரூட் கொடி. சுவரில் உயரத்தில், காரணமே இல்லாத இடத்தில், ஒரு பூப்போட்ட பாத்தேக் துணி தொங்கியது. அதன் கீழ் நுனி படபடத்துக்கொண்டே இருந்தது.

நான் அதைப் பார்க்கிறேனா என்று மாமா என்னைப் பார்த்தார். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார்.

"வீடு நல்லா ஜில்லுன்னு இருக்கே மாமா" என்றேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "கொடிதான் பாப்பா. அப்பவே சொன்னேன்ல?"

துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஆமா மாமா, கொடிதான்" என்றேன்.